மழை விட்ட மறுநாள்: ஏரிக்கரையில் யார் நின்றார்கள்?

இந்த எபிசோட் ஒரு பனி வீடியோவுல ஆரம்பிக்குது.

என்கூட வேலை பார்க்கிற ஒருத்தர் அமெரிக்காவுல, மின்னசோட்டாவுல இருக்கார். அங்கே பக்கத்துல இருக்கிற ஒரு பால்பண்ணையை வீடியோ எடுத்து அனுப்பியிருந்தார். ராத்திரி முழுக்கப் பனி கொட்டியிருக்கு. பண்ணைக்காரர் விடியறதுக்கு முன்னாடியே எழுந்து, மாட்டுத் தொட்டியில உறைஞ்சு கிடக்கிற தண்ணியை உடைச்சு விடறார். கொட்டகைக் கூரையில ஏறின பனியைத் தள்ளறார். விட்டா பாரம் தாங்காம கூரை இறங்கிடும். அப்புறம் தீவனம் வைக்கிறார். அப்புறம் கொட்டகையிலிருந்து ரோடு வரைக்கும் வழி பண்றார். ரோட்டுக்கு வந்ததும் வண்டியைத் திருப்பிடறார். அதுக்கு மேல தள்ளறது அரசாங்க வண்டியோட வேலை.

அந்த இடத்துல நான் வீடியோவை நிறுத்தினேன். தன் வேலை எங்கே முடியுது, ஊர் வேலை எங்கே ஆரம்பிக்குதுன்னு அவருக்குத் தெளிவா தெரிஞ்சிருக்கு. எங்க ஊர்ல அந்தக் கோடு எங்கே இருக்குன்னு யோசிச்சேன். எங்க ஊர் கள்ளக்குறிச்சி மாவட்டம், கல்வராயன் மலை அடிவாரத்துல, கச்சிராயபாளையம் பக்கம். பனின்னா எங்களுக்கு மார்கழிப் பனிதான். அது எட்டு மணிக்கெல்லாம் காணாமப் போயிடும். எங்களைப் புரட்டிப் போடறது மழை. அதனால இன்னைக்கு, பெருமழை விட்ட மறுநாள் ஒரு கிராமத்துல என்னென்ன வேலை நடக்குது, அந்த வேலையெல்லாம் ஒரு காலத்துல யார் தலையில இருந்தது, அதைப் பத்திப் பேசலாம்.

ஃபெஞ்சல்

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்தது. கடந்ததும் உள்ளே வேகமா ஓடியிருந்தா இவ்வளவு வந்திருக்காது. கரைக்குப் பக்கத்துலயே பல மணி நேரம் அசையாம நின்னு கொட்டிச்சு. டிசம்பர் 1 காலையோட முடிஞ்ச 24 மணி நேரத்துல விழுப்புரம் மாவட்டம் மயிலத்துல 51 சென்டிமீட்டர் மழை. அடுத்த நாள் காலைக் கணக்குல கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில 50 சென்டிமீட்டர். எங்க மாவட்டம் இந்த ரெண்டு இடத்துக்கும் நடுவுல மாட்டிக்கிச்சு.

டிசம்பர் 2 விடியற்காலை சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணி திறந்தாங்க. மூங்கில்துறைப்பட்டு, மணலூர்பேட்டை, திருக்கோவிலூர்னு ஆத்தோரத்து ஊர்கள்ல தண்ணி புகுந்ததை நீங்க டிவியில பார்த்திருப்பீங்க. எங்க ஊர் தென்பெண்ணைக் கரையில இல்லை. எங்களுக்குத் தண்ணி வர்ற வழி வேற. கல்வராயன்ல பேஞ்சா, சில மணி நேரத்துல ஓடையில செம்மண் தண்ணி வந்துடும். ஒரு பக்கம் கோமுகி அணைக்குப் போகும். மிச்சம் வழியில இருக்கிற சின்னச் சின்ன ஏரிகளுக்கு வந்து சேரும்.

நான் அந்த வாரக்கடைசி ஊர்ல இருந்தேன். திங்கட்கிழமை பத்து மணிக்கு எனக்கு ஸ்டாண்டப் மீட்டிங். கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை. கொஞ்சம் வெட்கத்தோட சொல்றேன், விடிஞ்சதும் என் முதல் கவலை அதுதான்.

வீட்டு வேலை

அப்பாவுக்கு முதல் கவலை மாடு. கட்டுத்தறியில முழங்கால் வரைக்கும் சேறு. ராத்திரியே அவிழ்த்துக்கிட்டு வந்து வீட்டு வாசல் மேட்டுல கட்டிட்டோம். காலையில அம்மா செஞ்ச முதல் வேலை, ஒவ்வொரு மாட்டோட குளம்பையும் கழுவிப் பார்த்தது. சேத்துல நின்ன மாட்டுக்குக் குளம்பு அழுகும். அதைவிடப் பயம் தொண்டை அடைப்பான். மழைக்காலத்து நோய், வந்தா ஒரே நாள்ல மாடு போயிடும். அதனால தடுப்பூசி மழைக்கு முன்னாடியே போட்டிருக்கணும். அடுத்து வைக்கோல் போர். மேல நனைஞ்சதைப் பிரிச்சுத் தனியா உதறிப் போடணும். அப்படியே விட்டா உள்ளே சூடேறிப் பூசணம் பிடிச்சிடும். பூசணம் பிடிச்ச வைக்கோலைத் தின்னா மாட்டுக்கு ஆகாது.

அப்புறம் வயல். சம்பா நெல் தண்ணிக்குள்ள முழுசா மூழ்கியிருந்தா, எத்தனை நாள்ல வடியுதுங்கிறதுதான் கணக்கு. தாழ்ந்த மூலையில வரப்பை வெட்டி வடிய விடணும். அவசரப்பட்டு உடனே யூரியாவைத் தூக்கி வீசக் கூடாது. தண்ணி வடிஞ்சு பயிர் நிமிர்ந்த பிறகு, யூரியாவோட ஜிப்சமும் வேப்பம்புண்ணாக்கும் கலந்து ஒரு ராத்திரி வெச்சிருந்து போடணும். கரும்பு சாய்ஞ்சிருந்தா, பக்கத்துப் பக்கத்துத் தூர்களைத் தோகையாலயே சேர்த்துக் கட்டி நிமிர்த்தணும். மரவள்ளிதான் ரொம்ப மோசம். அடியில தண்ணி நின்னா கிழங்கு அழுக ஆரம்பிச்சிடும். மேல இலை பச்சையாவே இருக்கும், பிடுங்கிப் பார்த்தாதான் தெரியும்.

கிணத்து மோட்டார் தண்ணிக்குள்ள. அதைக் கயிறு கட்டித் தூக்கி, காயில் காய வெக்கணும். காயாம சுவிட்ச் போட்டா புகைஞ்சிடும். இத்தனையும் செய்யும்போது ஒரு கையில கம்பு இருக்கணும். தண்ணிக்குப் பயந்து பாம்பும் மேட்டுக்குத்தான் வரும்.

அன்னைக்கு நான் பண்ணின வேலையோட மொத்த மதிப்பு, நாலு மண்வெட்டி ஆழத்துக்கு ஒரு வடிகால் வெட்டினதுதான். அதுக்கே உள்ளங்கையில மூணு கொப்புளம்.

இவ்வளவும் மின்னசோட்டாக்காரர் கதைதான். மாடு, கூரை, தீவனம், வழி. எங்க வீட்டு வேலையை எங்க வீடு பண்ணிச்சு. ஆனா இதுக்கெல்லாம் முன்னாடி, ராத்திரி ரெண்டு மணிக்கு இன்னொரு வேலை நடந்தது. அது யார் வேலைன்னுதான் எனக்குத் தெரியலை.

ஊர் வேலை

ராத்திரி யாரோ கதவைத் தட்டி, ஏரிக்கரை வேர்க்குதுன்னு சொன்னாங்க. கரையோட வெளிப்பக்கச் சரிவுல தண்ணி கசிஞ்சு மண் ஊற ஆரம்பிச்சா அப்படிச் சொல்லுவாங்க. எலி வளை, நண்டு வளை வழியா முதல்ல கசியும். கவனிக்கலைன்னா அந்த இடத்துலதான் உடைப்பு எடுக்கும்.

நகரத்து நண்பர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். ஏரிக்கு முக்கியமா ரெண்டு வாசல். வயலுக்குத் தண்ணி விடற வாசல் மதகு. ஏரி நிறைஞ்சா மிச்சத் தண்ணி தானா வழிஞ்சு போற இடம் கலங்கல். வெள்ள நேரத்துல ஏரியைக் காப்பாத்தறது கலங்கல்தான். அது அடைச்சா, தண்ணி கரை மேல ஏறும்.

நாங்க போனப்ப கலங்கல் அடைச்சிருந்தது. சீமைக்கருவேலம் கிளை, பிளாஸ்டிக், ஆகாயத்தாமரை எல்லாம் வந்து மோதியிருந்தது. அதுக்கு அடியில மணல் மூட்டை. கொஞ்சம் கூடுதலா தண்ணி தேங்கட்டும்னு கோடையில யாரோ கலங்கல் மேல அடுக்கி வெச்சது. யாரோன்னு சொல்றேன். ஏரிக்குக் கீழே நிலம் வெச்சிருக்கிற எங்களைத் தவிர வேற யாருக்கும் அதுல லாபம் இல்லை.

பதினோரு பேர் இருந்தோம். யாருக்கும் எங்கே கை வெக்கறதுன்னு தெரியலை. அப்ப ஒரு பெரியவர் வந்தார். எழுபது வயசுக்கு மேல இருக்கும். காலனியில குடியிருக்கிறவர், அவருக்குச் சொந்த நிலம் கிடையாது. அவர் டார்ச்சை வாங்கி, கரையோரமா ஒரு தடவை நடந்தார். மூட்டையை இந்தப் பக்கத்திலிருந்து எடுக்காதீங்க, இழுத்துக்கிட்டுப் போயிடும்னார். கசியற இடத்துல மண்ணைக் கொட்டி மிதிக்காதீங்க, முதல்ல வைக்கோலும் தழையும் வெச்சு, அது மேல மூட்டை வையுங்கன்னார். விடியறதுக்குள்ள கலங்கல் திறந்துடுச்சு. கரை நின்னுது.

எங்க தெருவுல அவரைவிட இருபது வயசு சின்னவங்ககூட அவரைப் பேர் சொல்லி, வாடா போடான்னுதான் கூப்பிடுவாங்க. அது எதனாலன்னு உங்களுக்குப் புரியும். அன்னைக்கு ராத்திரி அப்பா, "அண்ணே, நீங்க சொல்லுங்க, நாங்க செய்யறோம்"னு சொன்னதை நான் கேட்டேன். எங்க ஊர்ல கடைசியா நீர்க்கட்டி வேலை பார்த்தது அந்தப் பெரியவரோட அப்பாங்கிறது எனக்கு மறுநாள்தான் தெரிஞ்சது.

நீர்க்கட்டி

நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி, தெற்குப் பக்கம் மடையன், கம்புகட்டின்னு ஊருக்கு ஒரு பேர். வேலை ஒண்ணுதான். மதகைத் திறக்கறது, மூடறது, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம்னு முறை வைக்கிறது, மழை ராத்திரியில கரையைச் சுத்தி வர்றது. என் மொழியில சொன்னா ஏரியோட ஆன்-கால் இன்ஜினியர். எனக்கு வருஷத்துல சில வாரம்தான் ஆன்-கால். அதுக்குத் தனியா அலவன்ஸ் உண்டு. நீர்க்கட்டிக்கு அது ஆயுளுக்கும், அவர் பிள்ளைக்கும். கூலி அறுவடையில களத்துல அளக்கிற நெல்லு. பல ஊர்கள்ல இந்த வேலை தலித் குடும்பங்கள் கையிலதான் பரம்பரையா இருந்தது.

நம்ம ஊர் ஏரி நிர்வாகம்னா உடனே உத்திரமேரூர் கல்வெட்டைச் சொல்லுவோம். முதலாம் பராந்தக சோழன் காலம், 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள். குடவோலை முறையில ஆள் தேர்ந்தெடுத்து, ஏரி வாரியம்னு ஒரு குழு. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாடி ஏரிக்குத் தேர்ந்தெடுத்த குழு இருந்ததுங்கிறது பெரிய விஷயம், சந்தேகமே இல்லை. ஏரிப் பராமரிப்புக்குன்னே நிலம் ஒதுக்கி, அதுக்கு ஏரிப்பட்டின்னு பேரும் வெச்சிருக்காங்க. ஆனா அதே கல்வெட்டுல உறுப்பினர் ஆகறதுக்குத் தகுதியும் இருக்கு. வரி கட்டற நிலம் கால் வேலியாவது சொந்தமா இருக்கணும். நிலம் உள்ளவங்க வாரியத்துல உட்கார்ந்தாங்க. மண் சுமந்தது யாருன்னு அந்தத் தகுதிப் பட்டியல் சொல்லலை.

1858

அதைச் சொல்ற ஒரு ஆவணம் பின்னாடி வந்தது. 1858-ஆம் ஆண்டின் சென்னை முதலாவது சட்டம், கட்டாய உழைப்புச் சட்டம். கள்ளக்குறிச்சி அப்ப தென்னார்க்காடு மாவட்டத்துல ஒரு தாலுகா, அதனால எங்களுக்கும் இது பொருந்தும்.

சட்டம் என்ன சொல்லுது? ஏரிக்கரையோ ஆத்தங்கரையோ உடையற ஆபத்து வந்தா, வருவாய் அதிகாரி சுத்துவட்டாரத்துல இருக்கிற உழைக்கும் வகுப்பைச் சேர்ந்த, உடல்வலு உள்ள ஆண்கள் எல்லாரையும் வேலைக்குக் கூப்பிடலாம். வரலைன்னா தண்டனை. இந்த அவசர வேலைக்குக் கூலி உண்டு. சட்டத்துல ரெண்டாவதா ஒரு பகுதி இருக்கு. வருஷா வருஷம் வழக்கப்படி ஊர் ஜனங்க வாய்க்கால் தூர்வாரி, கரை பலப்படுத்தணும். அதுதான் குடிமராமத்து. வழக்கப்படி தர வேண்டிய உழைப்பைத் தராதவர்கிட்ட, அந்த உழைப்போட மதிப்பைப்போல ரெண்டு மடங்கு வசூலிக்கலாம்.

குடிமராமத்துன்னா ஊரே ஒண்ணு கூடி சந்தோஷமா வேலை செஞ்சதுன்னு நானும் காலேஜ்ல நினைச்சிருந்தேன். அப்படியே நடந்துக்கிட்டிருந்தா, 1858-ல அதுக்கு அபராதம் போட்டு ஒரு சட்டம் எதுக்கு? அதைவிட என்னை உறுத்தினது 'உழைக்கும் வகுப்பு' அப்படிங்கிற வார்த்தை. கரை உடைஞ்சா நஷ்டம் யாருக்கோ, அவரைக் கூப்பிடுங்கன்னு சட்டம் சொல்லலை. ஏற்கெனவே மண்வெட்டி பிடிக்கிறவரைக் கூப்பிடுங்கன்னு சொல்லுது. நிலம் உள்ளவரோட பயிரை, நிலம் இல்லாதவர் ராத்திரியில நின்னு காப்பாத்தணும். எங்க ஊர்ல வழக்கமா இருந்ததை வெள்ளைக்காரன் காகிதத்துல எழுதினான்.

மலை மேல

மலைக்கு மேல போனா கதை இன்னும் கடுமை. கல்வராயன்ல மலையாளிப் பழங்குடி மக்கள் சாமை, தினை, மரவள்ளின்னு சரிவுல பயிர் பண்றாங்க. பெருமழை வந்தா மண்ணு கல்லோட சரிஞ்சு போகும். மறுநாள் வேலை, சரிஞ்ச கல்லைத் திரும்ப அடுக்கி வரப்பு கட்டறது, அறுத்துக்கிட்டுப் போன மண்ணைக் கூடையில அள்ளி மேல கொண்டு வர்றது, வழியில விழுந்த மரத்தை வெட்டித் தள்ளறது.

இந்த மலை 1976 வரைக்கும் மூணு ஜாகிர்தார்கள் கையில இருந்தது. சுதந்திரம் கிடைச்சு 29 வருஷம் கழிச்சுதான் அரசாங்கம் எடுத்துக்கிச்சு. அதுவரைக்கும் மலை ஜனங்க ஜாகிர்தாருக்கு வரியும் கொடுத்து, கூலியில்லாம வேலையும் செஞ்சாங்க. 2024 ஜூலையில சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களோட அடிப்படை வசதி பத்தித் தானாவே வழக்கு எடுத்தப்போ, இந்தப் பழைய கதையும் பேச்சுக்கு வந்தது. அந்த வழக்குல முக்கியமா அலசினதுல ஒண்ணு ரோடு. மின்னசோட்டாக்காரர் தன் வண்டியைத் திருப்பினாரே, அந்தக் கோடு ஞாபகம் வருதா? கல்வராயன்ல பல ஊருக்கு அந்தக் கோடே இன்னும் போடலை.

நாங்க பண்ணினது

திரும்ப எங்க ஊருக்கு வர்றேன். நீர்க்கட்டி வேலை எப்ப நின்னுதுன்னு அப்பாகிட்ட கேட்டேன். போர்வெல் வந்தப்பன்னார். தாத்தா போர் போட்டார், பம்ப்செட்டுக்குக் கரண்டும் இலவசம். ஏரித் தண்ணியை எதிர்பார்க்கிற அவசியம் போச்சு. தேவை போனதும், களத்துல அளக்கிற நெல்லு முதல்ல குறைஞ்சது, அப்புறம் நின்னுது. யாரும் அவரை வேலையை விட்டு நிறுத்தலை. கொடுக்கறதை நிறுத்திட்டாங்க. பரம்பரைக் கணக்குப்பிள்ளை, மணியக்காரர் பதவிகளை 1980-ல ஒழிச்சப்ப அவசரச் சட்டம், வழக்குன்னு பெரிய பேச்சே நடந்தது. நீர்க்கட்டிக்கு ஒரு கடுதாசிகூடக் கிடையாது.

அப்பா இன்னொண்ணும் சொன்னார். எங்க வயலுக்குப் பக்கத்துல ஓடற வடிகால் வாய்க்கால் முன்னே ஒரு மாட்டு வண்டி அகலம் இருந்ததாம். இப்ப நான் ஒரே தாவுல தாண்டற அளவு. வருஷத்துக்கு ஒரு சால் உள்ளே தள்ளித் தள்ளி உழுதது தாத்தாதான். எதிர்ப்பக்கத்துக்காரரும் அப்படியே. டிசம்பர் 2 அன்னைக்குக் காலையில கையில கொப்புளம் வர நான் வெட்டின வடிகால், தாத்தா மூடின வடிகால்.

2017-ல அரசு குடிமராமத்துங்கிற அதே பேர்ல ஒரு திட்டம் ஆரம்பிச்சது. ஏரிகள் தூர்வாரினாங்க. நல்லதுதான். தமிழ்நாட்டுல சுமார் 39,000 ஏரிகள் இருக்கு. தூர்வாரறதுக்கு டெண்டர் விடலாம், ஜேசிபி வரும். ராத்திரி ரெண்டு மணிக்குக் கரையைச் சுத்தி வர்றதுக்கு ஜேசிபி வராது.

கணக்குல வர்றதும் வராததும்

ஃபெஞ்சலுக்கு அப்புறம் நிவாரணம் அறிவிச்சாங்க. 33 சதவீதத்துக்கு மேல சேதமான பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய். ஏக்கர் கணக்குல ஏழாயிரத்துக்கும் கொஞ்சம் கம்மி. செத்த பசு, எருமைக்கு 37,500. ஆட்டுக்கு 4,000. கோழிக்கு 100. பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு, ரேஷன் கார்டை வெச்சு 2,000.

இந்தப் பட்டியல்ல எங்களுக்குத் தனி வரி இருக்கு, ஏன்னா எங்க பேர்ல சிட்டா இருக்கு. ஏரி உடைஞ்சிருந்தா எங்க நஷ்டம் எவ்வளவுன்னு கணக்குப் போட்டிருப்பாங்க. ஏரி உடையாம இருந்ததுக்கு எந்தப் பட்டியலும் கிடையாது. அதைச் செஞ்ச பெரியவருக்குச் சிட்டாவும் கிடையாது.

கடைசியா அந்தக் காலையைச் சொல்லி முடிக்கிறேன். மழை விட்டிருந்தது. எல்லாரும் எங்க வீட்டுத் திண்ணைக்கு வந்தாங்க. அம்மா டீ போட்டாங்க. எங்க பதினோரு பேருக்கும் எவர்சில்வர் டம்ளர்ல வந்தது. பெரியவருக்கு மட்டும் பேப்பர் கப்பு. அவர் திண்ணையில உட்காரலை, வாசல்ல நின்னே குடிச்சார். கப்பைக் கசக்கித் தானே குப்பையில போட்டுட்டு, "கலங்கல்ல சாயங்காலம் ஒரு தடவை பாருங்க, தழை திரும்ப வந்து அடையும்"னு சொல்லிட்டுப் போனார். ராத்திரி 'அண்ணே'ன்னு கூப்பிட்ட அப்பா அங்கேதான் இருந்தார். நானும் அங்கேதான் இருந்தேன். நாங்க ரெண்டு பேரும் ஒண்ணும் சொல்லலை.

பழைய முறை திரும்ப வரணும்னு நான் சொல்லமாட்டேன். அந்த முறையில அந்த பேப்பர் கப்பும் சேர்ந்தே இருந்தது. ஆனா வேலை போகலை. அடுத்த பெருமழை வரும், கரை வேர்க்கும், யாராவது டார்ச் எடுத்துக்கிட்டுப் போகணும். அது சம்பளத்தோட, மரியாதையோட இருக்கிற ஒரு வேலையா ஆகணும். ஏரிக்குக் கீழே நிலம் வெச்சிருக்கிற எங்களை மாதிரி வீடுகள் அதுக்குக் காசு போடணும். இதை ஊர்ல பேசிப் பார்த்தேன். போன வருஷம் மழைக்கு முன்னாடி நாலு வீடு சம்மதிச்சது, மிச்சம் பார்க்கலாம்னாங்க. பெரியவர்கிட்ட நானே போய்க் கேட்டேன். மாசச் சம்பளமா வெச்சா தன் பேரனைக் கேட்டுச் சொல்றேன்னார், நெல்லா வேண்டாம்னார்.

உங்களுக்கு ஒரு வேலை. அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப வீட்டுல கேளுங்க. நம்ம ஏரிக்கு நீர்க்கட்டி யாரு, அவங்களுக்கு எவ்வளவு நெல்லு அளந்தோம், எந்த வருஷம் நிறுத்தினோம். தெரிஞ்சதை எனக்கு வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல கேட்போம்.